எல்லோருக்கும் பதில் சொன்ன கம்பவுண்டர்

சேதி பஸ்ஸில் வந்தது. அன்று புதன்கிழமை, தடுப்பூசி நாள். வாசலூர்பட்டிக்கு அப்பால் ஒரு சிற்றூரின் அங்கன்வாடியில் குழந்தைகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது. மதிய பஸ்ஸின் கண்டக்டர் வண்டியை ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“நர்சம்மா, உங்க ஊட்டுக்காரருக்கு நெஞ்சு வலிங்களாம். துறையூரு ஆஸ்பத்திரில சேத்திருக்காங்களாம். உங்களுக்குப் போன் போகலைன்னு எங்க பஸ் ஆபீசுக்குச் சொல்லியிருக்காங்க. பஸ்ஸு நிக்கிது, வாங்க.”

தாயின் மடியில் இருந்த குழந்தைக்கு ஊசியைப் போட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். மலையிறங்கி, சுற்றிக்கொண்டு துறையூர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வார்டுக்கு வெளியே பெஞ்சில், நான் அதுவரை பார்த்திராத ஒரு பெண் அவருடைய செருப்பையும் மூக்குக் கண்ணாடியையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் கணவரின் கடைசி ஒரு மணி நேரம் அந்தப் பெண்ணிடம் இருந்தது. எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, பொறாமை. இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி என்னால் எழுத முடியாது. அவரோடு வாழ்ந்த காலம் முழுவதும் என் கூடவே இருந்த உணர்ச்சி அது.

திரு. பழனிவேல் அவர்களை இரண்டு வகையானவர்களுக்குத் தெரியும். கொல்லிமலையில் உள்ளவர்களுக்கு அவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுத்தவர். சென்ற ஆண்டு ஓய்வு பெற்றவர். இணையத்தில் தமிழில் கணினி கற்பவர்களின் குழுவில் உள்ளவர்களுக்கு, “கம்பவுண்டர்” என்ற பெயரில் பதில் எழுதியவர். முதல் வகையினரில் பலர் அவருக்குக் கணினி தெரியும் என்பதை அறியமாட்டார்கள். இரண்டாம் வகையினர், ஒருவரைத் தவிர, அவர் முகத்தையே பார்த்ததில்லை. இரு தரப்பாருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

அவர் ராசிபுரம் பக்கத்துக்காரர். வேலை கிடைத்து மலைக்கு வந்தார். நான் மலையிலேயே, திருப்புலி நாட்டில் பிறந்தவள். அப்பாவுக்கு மிளகும் மரவள்ளியும் விவசாயம். நாமக்கல்லில் படித்துவிட்டு, கிராம செவிலியராக அதே நிலையத்தில் சேர்ந்தேன். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருப்பார். வருகிறவர் யாரானாலும் மாத்திரையைக் கையில் போட்டு, “இது காலையில, சாப்புட்டுட்டு. இது ராத்திரிக்கு. எங்க, நீங்க சொல்லுங்க பாக்கலாம்” என்பார். அவர்கள் தப்பாகச் சொன்னால் சிரிக்காமல் முதலிலிருந்து தொடங்குவார். அந்தப் பொறுமையைப் பார்த்துத்தான் கல்யாணத்துக்குச் சம்மதித்தேன். அது ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்களுக்கு மட்டும் உரியது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

நிலையத்துக்குக் கணினி வந்தபோது அதைத் தொட எல்லோரும் தயங்கினார்கள். அவர் மட்டும் மாலையில் வேலை முடிந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்தார். மருந்துக் கவர்மேல் ‘காலை’, ‘இரவு’ என்று தமிழில் அச்சடித்து ஒட்ட வேண்டும் என்பதே அவருடைய ஆசை. அச்செடுத்தால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தது. இணையத்தில், கணினி தெரிந்த பெரிய பெரிய ஆட்கள் கூடும் ஒரு தளத்தைக் கண்டுபிடித்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேள்வி எழுதினார். எழுதியதை என்னிடமும் காட்டினார். புது உடுப்பு போட்ட பிள்ளையைப் போல இருந்தது அவர் முகம்.

மறுநாள் பதில் வந்திருந்தது. இது முன்பே கேட்கப்பட்ட கேள்வி, தேடிப் பார்க்காமல் கேட்காதே என்று ஒருவர். முதலில் ஆங்கிலம் கற்றுக்கொண்டு வா என்று இன்னொருவர். மூன்றாமவர் ஒரு சிரிக்கும் படத்தைப் போட்டிருந்தார். அத்தோடு, இனி யாரும் பதில் எழுத முடியாதபடி கேள்வியையே பூட்டிவிட்டார்கள்.

அவர் கோபப்படவில்லை. இரண்டு மூன்று வாரம் அந்தக் கணினிப் பக்கமே போகவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று சொன்னார்:

“முன்னாடியே ஒருத்தருக்குச் சொல்லியாச்சு, அவங்களத் தேடிப் போய்க் கேட்டுக்கோன்னு நான் மாத்திரைச் சீட்டத் திருப்பிக் குடுக்க முடியுமா நர்சம்மா?”

என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். ஊரே கூப்பிடும் பெயர். ருக்மணி என்ற என் பெயரை அவர் வாயால் கேட்டது அரிது.

பிறகு தமிழ்க் குழு அவர் கண்ணில் பட்டது. எழுத்து கட்டமாக வரும் சிக்கலுக்கு அங்கே விடை கிடைத்தது. நன்றி சொல்லிவிட்டு அவர் போயிருக்கலாம். போகவில்லை. தனக்கு அடுத்து அதே கேள்வியோடு வந்தவருக்குத் தானே பதில் எழுதினார். அன்று தொடங்கியது. விரைவில் எங்கள் வீட்டு முன் அறைக்கும் ஒரு கணினி வந்தது.

அவர் எழுதிய விதம் குழுவில் உள்ளவர்களுக்குத் தெரியும். “கேளுங்க கண்ணு” என்றுதான் ஆரம்பிப்பார். “இது ரொம்ப ஈசி” என்று ஒருபோதும் எழுதமாட்டார். “தெரியாதவங்களுக்கு அது ஈசி இல்லையே. ஈசின்னு சொன்னா, ஈசியானதுகூட நமக்கு வரலையேன்னு மனசு ஒடிஞ்சுபோயிரும்” என்பார். முதலில் பதில் சொல்லமாட்டார். “இப்போ திரையில என்ன தெரியுது, அப்படியே சொல்லுங்க சாமி” என்று கேட்பார். அவர்கள் சொன்னதை வைத்து, அவர்கள் நிற்கிற இடத்துக்கே போய்க் கையைப் பிடித்து அழைத்து வருவார்.

நானும் அதே வீட்டில்தான் இருந்தேன். மகள் கோயம்புத்தூரில் படிக்கப் போயிருந்தாள். அவள் அனுப்பும் படங்களைக் கணினியில் போட்டு வைத்தேன். வைத்தது எங்கே போனதென்று தெரியவில்லை. “ஏனுங்க, இதக் கொஞ்சம் பாருங்க” என்றால் திரும்பாமலே, “அப்புறம் பாக்கலாம் நர்சம்மா” என்பார். தூத்துக்குடியில் யாரோ ஒருவருக்கு விசைப்பலகையில் ‘ழ’ எங்கே இருக்கிறது என்று நீளமாக எழுதிக்கொண்டிருப்பார். தட்டில் போட்ட களி ஆறிக் கல்லாகும். முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் ‘கண்ணு’, ‘சாமி’. எனக்கு ‘அப்புறம்’.

“அவங்கெல்லாம் உங்களுக்கு யாருங்க?” என்று ஒருமுறை கேட்டே விட்டேன்.

“ஒண்ணும் தெரியாம வந்தவங்க” என்றார், அதுவே பெரிய உறவு என்பதைப் போல.

அந்தக் கோபத்தில்தான் அதைச் செய்தேன். மகள் போனில் சொல்லச் சொல்ல, என் கைப்பேசியிலிருந்து குழுவில் ஒரு புதுப் பெயரில் சேர்ந்தேன். ஆம், நம் குழுவின் ‘மிளகுக்கொடி’ நான்தான். அவரையும் மகளையும் தவிர யாருக்கும் தெரியாத இதை இன்று முதல் தடவையாகச் சொல்கிறேன்.

என் முதல் கேள்வி உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். “நான் ஒரு கோப்பைச் சேமிக்கிறேன். அது எங்கே போகிறது?” அடுப்படியில் நின்றுகொண்டு அனுப்பினேன். முன் அறையில் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. அப்புறம் தட்டச்சுச் சத்தம். பருப்பு வேகும் முன்பே பதில் வந்துவிட்டது. “நல்ல கேள்வி கண்ணு. இதைக் கேட்க எல்லோருக்கும் ஆசை, யாரும் கேட்பதில்லை” என்று தொடங்கி, கணினிக்குள் இருக்கும் இடங்களை ஒரு வீட்டின் அறைகளைப் போல ஒவ்வொன்றாகத் திறந்து காட்டியிருந்தார். கல்யாணமாகி அத்தனை வருடம் கழித்து என் கணவர் என்னைக் ‘கண்ணு’ என்று கூப்பிட்டது அன்றுதான். மகளின் படங்கள் கிடைத்துவிட்டன. சந்தோஷமாக இருந்தது. அதைவிட அதிகமாக, மிளகுக்கொடியின் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது.

சாப்பிடும்போது அவரே ஆரம்பித்தார். “இன்னைக்கு ஒரு புள்ள புதுசா வந்துச்சு. என்ன அருமையாக் கேள்வி கேக்குதுங்கற!”

“அப்படி என்னத்தக் கேட்டுப்போட்டா?”

“உனக்குச் சொன்னாப் புரியாது நர்சம்மா.”

ரசத்தை அவர் தட்டில் கொஞ்சம் வேகமாகத்தான் ஊற்றினேன்.

அதன்பின் வாரத்துக்கு ஒரு கேள்வியாவது கேட்டேன். அவர் சலிக்கவில்லை. கேட்டதையே திரும்பக் கேட்பதும் உண்டு. எனக்கு உண்மையிலேயே மறந்துவிடும். அப்படி ஒருமுறை திரும்பக் கேட்டபோதுதான் ‘சிகரம்’ என்ற பெயரில் எழுதும் மூத்த உறுப்பினர் இப்படி எழுதினார்: “ஒரே கேள்வியை எத்தனை தடவை கேட்பீர்கள்? இதுகூடப் புரியாதவர்கள் கணினியை மூடிவிட்டு அடுப்படியைப் பார்க்கலாம். இது விஷயம் தெரிந்தவர்கள் பேசும் இடம்.” அதன் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். அவரோடு சேர்ந்துகொண்டு இன்னும் சிலர், ஆரம்பநிலைக் கேள்விகளால் குழுவின் தரம் கெடுகிறது, இனி அவற்றை அனுமதிக்கக் கூடாது என்று எழுத ஆரம்பித்தார்கள்.

நான் அப்போது அடுப்படியில்தான் இருந்தேன். கண்ணில் நீர் முட்டியது. எனக்கு வயது ஐம்பதுக்கு மேல். எத்தனை பிரசவம் பார்த்திருக்கிறேன், எத்தனை அதிகாரிகளிடம் பேசியிருக்கிறேன். முகமறியாத ஒருவர் எழுதிய இரண்டு வரிக்கு உடம்பு அப்படிக் கூசிப் போகும் என்று நினைக்கவில்லை. கட்டம் கட்டமாக வந்த எழுத்தைப் பற்றிக் கேட்டுத் திட்டு வாங்கிய அன்று அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அப்போதுதான் விளங்கியது.

முன் அறையில் தட்டச்சுச் சத்தம் கேட்டது, வழக்கத்தைவிடப் பலமாக. அவர் எழுதிய பதில் இன்னும் குழுவில் இருக்கிறது: “நான் மருந்து கொடுக்கிறவன். ஒரே ஆளுக்கு ஒரே மாத்திரையைப் பற்றி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இன்னொரு தடவை கேட்க அவர் வெட்கப்பட்டால் இரண்டு மாத்திரையையும் சேர்த்து விழுங்கிவிடுவார். எனக்குப் பயம் திரும்பக் கேட்பவரைப் பற்றி இல்லை, கேட்காமல் போகிறவரைப் பற்றித்தான். இந்தப் பிள்ளை மறுபடி வந்து கேட்டதே நம்மீது வைத்த நம்பிக்கை. அவருக்கு இங்கே இடமில்லை என்றால் எனக்கும் இல்லை.”

எழுதிவிட்டு நேராக அடுப்படிக்கு வந்தார்.

“ஒரு சின்னப் புள்ளைய இப்படிப் பேசிப்போட்டான் நர்சம்மா. இனி அது வாயே தொறக்காது.”

“யாரோ ஒருத்திக்காக உங்களுக்கு இவ்வளவு கோவம் வருதுங்களா? உங்க அக்கா என்னையப் பந்தியில வெச்சுப் பேசுனப்ப நீங்க எலையப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?”

“அதுவும் இதுவும் ஒண்ணா?”

“ஒண்ணுதானுங்க. அந்தப் புள்ள நான்தான்.”

அவருக்குப் புரியவில்லை. கைப்பேசியை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மேலே தள்ளித் தள்ளி, முதல் கேள்வி வரைக்கும் போனார். பிறகு அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“இங்கயே கேட்டிருக்கலாமே.”

“கேட்டனுங்க. அப்புறம் பாக்கலாம்னீங்க.”

“எப்ப?”

“எப்பவுமே.”

சிகரம் எழுதியதை மறுபடி எடுத்துப் படித்தார். பிறகு தலையைத் தூக்கி, “அவன் எழுதுனது வலிச்சுதா?” என்றார். அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் வெடித்தது. அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முன் அறையில் கணினி டிங் டிங் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவர் எழுந்து போகவில்லை. அன்று ஒரு நாளாவது அவர்கள் எல்லோரும் காத்திருந்தார்கள்.

குழுவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றார் அவர். நான்தான் தடுத்தேன். “சொன்னீங்கன்னா, பொண்டாட்டிக்காகச் சண்டை போட்டாருன்னு பேச்ச மாத்திருவாங்க. அப்பறம் நாளைக்கு வர்றவங்களுக்கு யாரு பேசுவாங்க?” அவர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். எனக்கு இன்னொன்றும் தெரிய வேண்டியிருந்தது.

“நான்தான்னு தெரிஞ்சிருந்தா இவ்வளவு எழுதியிருப்பீங்களா?”

வேறு யாராக இருந்தாலும் ஆமாம் என்று சொல்லியிருப்பார்கள். அவர் உண்மையாகவே யோசித்தார். “தெரியலையே நர்சம்மா” என்றார். அந்த நேர்மையை இன்று மெச்ச முடிகிறது. அன்று முடியவில்லை.

குழுவில் சண்டை சில வாரம் நடந்தது. கடைசியில் ஆரம்பநிலைக் கேள்விகளுக்கென்று தனி அறை திறந்து, அதன் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். சிகரமும் அவரோடு சிலரும் விலகிப் போனார்கள். அதற்காகவும் அவர் வருத்தப்பட்டார். “அந்தாளும் ஒருநாள் தெரியாம வந்து நின்னவருதான். யாரோ அவரையும் நல்லாத் திட்டியிருக்கோணும்” என்றார்.

அவர் திருந்திவிட்டார் என்று எழுத ஆசைதான். பாதிதான் திருந்தினார். நான் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், பக்கத்தில் வந்தும் உட்காருவார். ஆனால் கேள்வியைக் கேட்டுவிட்டு, “இது நல்ல கேள்வி, இத நீ அங்க வந்து கேளு. நாலு பேருக்கு ஆகும்” என்பார். எனக்கு மட்டும் சொல்லுங்களேன் என்று கேட்க வாய் வராது. ஆக, கணவரிடம் பதில் வாங்க நானும் குழுவுக்குப் போய் வரிசையில் நின்றேன். மிளகுக்கொடி நிறையக் கற்றுக்கொண்டாள். ருக்மணிக்குத்தான் மனம் ஆறவில்லை.

கடைசியாக அவர் துறையூருக்குப் போனது சரஸ்வதி என்ற உறுப்பினருக்காக. அங்கே தையற்கடை வைத்திருப்பவர்; வார்டுக்கு வெளியே பெஞ்சில் நான் பார்த்த பெண் அவர்தான். பழைய கணினி ஒன்றை வாங்கியிருந்தார். அதில் என்ன செய்தும் தமிழ் வரவில்லை. எழுதி எழுதிப் பார்த்துவிட்டு, நேரில் போய்ப் பார்த்துவிடுகிறேன் என்று கிளம்பிவிட்டார் இவர்.

“நம்மூட்டு மிக்சி ஓடாமக் கெடக்குது. தையக்காரம்மாவுக்குன்னா மலையெறங்கிப் போறீங்க” என்றேன்.

சிரித்துக்கொண்டே, “வந்து பாக்கறேன்” என்றார். சட்டைப் பையில் பேனாவைக் குத்திக்கொண்டு போனார்.

அவரைத் திருப்புலி நாட்டில், எங்கள் அப்பாவின் நிலத்திலேயே அடக்கம் செய்தோம். காரியத்தன்று கீழ்நாட்டுச் சமவெளி ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஒருவரை ஒருவர் அவர்களுக்கே அடையாளம் தெரியாமல், குழுவில் வைத்துக்கொண்ட பெயரைச் சொன்னார்கள். “நான் கடலைமிட்டாய்” என்று ஒரு பெரியவர் சொல்ல, “நான் ஊதாப்பூங்க” என்று கட்டிக்கொண்டு இன்னொருவர் அழுதார். அப்பா என் காதருகே வந்து, “இவங்கெல்லாம் எந்த வழிச் சொந்தம் அம்மிணி?” என்று கேட்டார். அவர்கள் அழுத அழுகை என்னுடையதற்குக் குறைந்ததில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொருவரும் தனக்கு அவர் எழுதிய பதிலைக் கைப்பேசியில் வைத்திருந்தார்கள். விரலால் தள்ளித் தள்ளி எனக்குக் காட்டினார்கள்.

சரஸ்வதியும் வந்திருந்தார். ஓரமாக உட்கார்ந்திருந்தவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“கடைசியா என்னங்க பேசுனாரு?”

“தமிழ் வந்துருச்சு, எழுதிப் பாருங்கன்னாருங்க. எம் பேர எழுதுனேன். இன்னொருக்கா எழுதுங்கன்னாரு. எழுதி முடிக்கறதுக்குள்ள நெஞ்சப் புடிச்சுக்கிட்டாரு.”

“ஆஸ்பத்திரிக்குப் போறப்ப, ஆட்டோவுல?”

“பேசலைங்க.”

“என்னையப் பத்தி எதாச்சும்...”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “இல்லீங்க.”

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்காக அவரை எனக்குப் பிடித்தது. எழுந்திருக்கப் போனேன். அவர் என் கையைத் தொட்டார்.

“நான் ஒண்ணு கேக்கலாங்களா அக்கா? தப்பா எடுத்துக்கக் கூடாது. குழுவுல மிளகுக்கொடின்னு ஒருத்தங்க இருக்காங்க. அவங்க வரலைங்களா?”

“எதுக்குங்க கேக்கறீங்க?”

“எனக்கு அவங்க மேல ரொம்ப நாளாப் பொறாமைங்க. சாரு எல்லாருக்கும் எழுதுவாரு. அவங்களுக்கு எழுதறது மட்டும் கொஞ்ச நாளா வேற மாதிரி இருந்துச்சு. எனக்கு ஏன் அப்படி எழுதறதில்லைன்னு நெனச்சுக்குவேன். அன்னைக்குக் கடையில கேட்டே போட்டேன். யாருங்க சார் அந்த மிளகுக்கொடின்னு.”

“என்ன சொன்னாரு?”

“சிரிச்சாருங்க. காப்பி டம்ளரக் கீழ வெச்சுட்டு நல்லாச் சிரிச்சாரு. ‘அந்தம்மா அடுத்து என்ன கேக்குமோன்னு பயந்துதான் நானே படிக்கறேன்’னாரு. யாருன்னு மட்டும் சொல்லவே இல்ல.”

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவரைப் பந்திக்கு அழைத்துப் போய், இலை போட்டு நானே பரிமாறினேன். சரஸ்வதி, இதை நீங்கள் படிப்பீர்கள். மிளகுக்கொடி நான்தான் என்று அன்று உங்களிடம் சொல்லாததற்கு வேறு காரணம் இல்லை. அந்தச் சிரிப்பை நீங்கள் பார்த்தீர்கள், நான் பார்க்கவில்லை. அதன் பொருளையாவது கொஞ்ச நாள் எனக்கு மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

பஸ்ஸுக்கு நேரமாகும் முன் அவர்கள் எல்லோரும் அவரை அடக்கம் செய்த இடத்துக்குப் போனார்கள். மண் இன்னும் அமுங்கவில்லை. சுற்றிலும் மரவள்ளிச் செடிகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. யாரும் சொல்லாமலே வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவராக முன்னே போய், குனிந்து, ஒரு பிடி மண் போட்டு, உதடு அசைய ஏதோ சொல்லிவிட்டு விலகினார்கள். சிலர் நிறைய நேரம் எடுத்துக்கொண்டார்கள். நான் கடைசி ஆளாக நின்று காத்திருந்தேன்.

ஏனுங்க, என் முறை வந்தபோது சொல்ல நினைத்ததைச் சொல்லாமல் மண்ணை மட்டும் போட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். அதனால் இங்கே, எல்லோருக்கும் முன்னால் சொல்கிறேன். நல்லபடியாகப் போய்ச் சேருங்கள். அங்கேயும் ஒன்றும் தெரியாமல் வந்து திகைத்து நிற்பவர்கள் இருப்பார்கள். பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் வந்து கேட்கும்போது மட்டும், அவர்களைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள்.